எவ்வளவு வோல்ற்று தாங்கும்?

ரோச்லைற்றிலே போடும் பற்றரி ஒன்றின் வலிமை ஒன்றரை வோல்ற்று. அதனைச் சிறு குழந்தை கையில் வைத்து விளையாடினாலும் பெற்றோர் பதறுவதில்லை. சுவரிலுள்ள 230 வோல்ற்று மின்சாரத்துக்கு அஞ்சி நடக்கும் நாம், ஒன்றரை வோல்ற்றை ஒரு பொருட்டாகவே எண்ணுவதில்லை. ஆனால், மேசைக் கணினியின் மூளை என்று சொல்லப்படும் நுண்செயலிக்கு அதே ஒன்றரை வோல்ற்றை இடைவிடாது கொடுத்து, முழு வேலையும் வாங்குவோமாயின், பெரும் பணம் கொடுத்து வாங்கிய அந்தப் பொருள் சில மாதங்களிலேயே தளர்ந்து போகக்கூடும்.

இது வீணாக எழுந்த ஆராய்ச்சி அன்று. தயாரித்தவர் குறித்த வேகத்துக்கு மேலே நுண்செயலியை ஓட வைக்கும் வித்தை ஒன்று இளைஞர்களிடையே நெடுங்காலமாக உண்டு. ‘ஓவர்குளொக்கிங்’ என்று அதனைச் சொல்வர். 1998ஆம் ஆண்டிலே இன்டெல் நிறுவனம் ‘செலரோன் 300ஏ’ என்றொரு மலிவான நுண்செயலியை விற்பனைக்கு விட்டது. அதன் குறித்த வேகம் 300 மெகாஹேட்ஸ். தாய்ப்பலகையிலே 66 என்றிருந்த ஓர் அமைப்பை 100 என்று மாற்றிவிட்டால், அதே பொருள் 450 மெகாஹேட்ஸ் வேகத்தில் ஓடும் என்பதைப் பலர் கண்டுகொண்டனர். விலை ஏறிய நுண்செயலி செய்யும் வேலையை விலை குறைந்தது செய்தது. ஒரு சதமும் கொடாமல் கிடைத்த அந்த வேகத்தின் ருசி, உலகெங்கும் கணினி ஆர்வலரைப் பற்றிக்கொண்டது.

எமது இல்லத்திலும் அந்த ஆசை ஒருநாள் வந்து நுழைந்தது. எமது சகோதரியின் மகன் எம்முடன் தங்கியிருக்கிறான். கலியாண வீடுகளில் எடுக்கப்படும் வீடியோப் படங்களைத் தொகுத்துச் செப்பனிட்டுக் கொடுப்பது அவன் தொழில். அதற்கான கணினியை 2023ஆம் ஆண்டில் வாங்கினான். 2022ஆம் ஆண்டு நெருக்கடியிலே டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை பாய்ந்ததை நாம் மறக்கவில்லை. இறக்குமதிப் பொருளெதற்கும் முன்னைய விலையைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்த காலம் அது. கணினியின் விலையில் அரைவாசி அவன் உழைப்பு. மற்ற அரைவாசி அவன் தாய் கட்டிய சீட்டுக் காசு.

“மாமா, 1.4 வோல்ற்று குடுத்தால் இது 4.8 கிகாஹேட்ஸில ஓடும். எல்லாரும் அப்பிடித்தான் போடுகினம். ஒண்டும் ஆகாது” என்று அவன் வந்து சொன்னான். அப்பொழுது அது 1.2 வோல்ற்றில் 4.2 கிகாஹேட்ஸ் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பாடசாலையிலே பௌதிகவியல் கற்பித்து ஓய்வு பெற்ற எமக்கு, “எல்லாரும் போடுகினம்” என்பது விடையாகத் தோன்றவில்லை. “ஒன்றும் ஆகாது என்பதை இருவரும் இருந்து கணக்குப் பார்ப்போம்” என்றோம். அவன் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு வந்தான். அன்று தொடங்கிப் பல மாலைப் பொழுதுகளில் நாம் பார்த்த கணக்கையே இங்கு வாசகர்களுக்குச் சொல்ல முன்வந்தோம்.

நுண்செயலியினுள்ளே திரான்சிற்றர்கள் கோடிக்கணக்கில் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு சிறு மதகு. வோல்ற்றளவே அம்மதகைத் தள்ளித் திறக்கும் கை. கை வலுவாகத் தள்ளினால் மதகு விரைந்து திறக்கும். மெல்லத் தள்ளினால் தாமதித்துத் திறக்கும். ஒரு விநாடியில் எத்தனை கோடி முறை திறந்து மூட வேண்டும் என்று நாம் வேகத்தைக் கூட்டும்போது, தாமதித்துத் திறக்கும் மதகுகள் பின்தங்கி விடுகின்றன. அப்பொழுது கணக்குப் பிழைக்கும். கணினி நின்றுவிடும்; அல்லது நிற்காமலே தவறான விடையை எழுதி வைக்கும். ஆகவே வேகத்தைக் கூட்டுவோர் வோல்ற்றளவையும் கூட்டுகின்றனர்.

இதற்கு நாம் கொடுக்கும் முதல் விலை வெப்பம். நுண்செயலி இயங்கும்போது உண்ணும் வலு, வேகத்தோடு நேராகவும், வோல்ற்றளவின் வர்க்கத்தோடும் ஏறும் என்பது பௌதிகவியல் விதி. மருமகனின் கொப்பியிலே அவன் கையாலேயே கணக்கிடச் செய்தோம். 1.2 வோல்ற்று 1.4 ஆகும்போது அதன் வர்க்கம் 36 வீதம் கூடுகிறது. 4.2 கிகாஹேட்ஸ் 4.8 ஆகும்போது வேகம் 14 வீதம் கூடுகிறது. இரண்டையும் பெருக்கினால், வலு ஏறத்தாழ 56 வீதம் கூடிவிடுகிறது. முன்னர் 90 உவாற்று உண்ட நுண்செயலி இப்பொழுது 140 உவாற்று உண்ணும். 14 வீத வேகத்துக்காக 56 வீதம் கூடுதலாகக் கொடுப்பது எந்த வியாபாரத்திலும் நயமான பேரம் அன்று.

இன்னுமொன்று. 140 உவாற்று வலுவை 1.4 வோல்ற்றிலே கொடுப்பதற்கு 100 அம்பியர் மின்னோட்டம் பாய வேண்டும். எங்கள் குசினியில் தண்ணீர் கொதிக்க வைக்கும் 2000 உவாற்றுக் கேத்தலின் கம்பியில் பாய்வது 9 அம்பியர் மாத்திரமே. பற்றரியைப் போலச் சாதுவாகத் தோன்றும் அந்த வோல்ற்றின் பின்னாலே, நகத்தளவு சிலிக்கன் துண்டில் எத்தகைய வெள்ளம் பாய்கின்றது என்பதை இதனால் உணரலாம்.

வெப்பம் மாத்திரமே தீங்காயின் அஞ்ச வேண்டியதில்லை. இக்காலத்து நுண்செயலிகள் தம் வெப்பநிலையைத் தாமே அளந்து, பெரும்பாலும் 90 முதல் 100 பாகை வரையில் எட்டியதும் வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்கின்றன. இளைஞர்கள் பெரிய விசிறியும் நீர்க்குழாய்க் குளிரூட்டியும் பூட்டி அதனையும் வென்றுவிடுகின்றனர். “சூடு 75 பாகைதான் மாமா” என்று எமது மருமகனும் அடிக்கடி சொன்னான். உண்மையான தீங்கு வெப்பமானியில் தெரிவதில்லை. அதனை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

ஒரு காலத்தில் கணினிகள் ஐந்து வோல்ற்றில் ஓடின. 1993ஆம் ஆண்டில் வெளிவந்த முதற் பென்டியமும் அவ்வாறே ஓடியது. அடுத்த ஆண்டிலே 3.3 வோல்ற்றுக்கு இறங்கியது. நாம் முன்னர் சொன்ன செலரோனுக்கு 2 வோல்ற்று. இன்று பெரும்பாலும் ஒன்றுக்கும் ஒன்றேகாலுக்கும் இடையில் நிற்கிறது. ஐந்திலிருந்து ஒன்றுக்கு ஏன் இறங்க வேண்டும்? திரான்சிற்றரைச் சிறிதாக்கும்போது வோல்ற்றளவையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும் என்று ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த றொபேட் டெனாட் என்பவரும் அவர் தோழரும் 1974ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தனர். காரணம் எளிது. மதகைச் சுற்றியுள்ள ஒட்சைட்டுப் படலம் வரவர மெலிந்துகொண்டே வந்தது. 2004ஆம் ஆண்டில் வந்த ஒருவகைப் பென்டியம் நான்கிலே அதன் தடிப்பு 1.2 நனோமீற்றர். நாலைந்து அணுக்களை அடுக்கிவைத்த உயரம் அவ்வளவுதான். அத்தகைய மெல்லிய படலத்தின் குறுக்கே 1.2 வோல்ற்றைக் கொடுப்பது, ஒரு மீற்றருக்கு நூறு கோடி வோல்ற்று என்ற வீதத்திலான நெருக்கத்தை உண்டாக்குவதாகும். அதற்கு மேலும் படலத்தை மெலிவிக்க இயலாமையாலேயே 2007ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் ஹஃப்னியம் என்னும் உலோகம் கலந்த வேறொரு படலத்துக்கு மாறியது. இவ்வளவு நெருக்கத்தைத் தாங்கும் ஒன்றின்மீது இன்னும் கால் வோல்ற்றை ஏற்றினால், படலத்திலே நுண்ணிய குறைகள் ஒவ்வொன்றாகத் தோன்றிச் சேர்கின்றன. ஒருநாள் அவை ஒன்றோடொன்று தொடுத்து வழியாகிவிடும்.

மற்றொரு தீங்கு கம்பிகளுக்கு நேர்வது. நுண்செயலியினுள்ளே உள்ள செப்புக் கம்பிகள் மயிரினும் பல நூறு மடங்கு மெல்லியவை. அவற்றினூடே பெருமளவில் ஓடும் இலத்திரன்கள், செப்பின் அணுக்களையும் மெல்ல மெல்லத் தம்மோடு இழுத்துச் செல்கின்றன. தோட்டத்துக்கு இறைக்கும்போது இறைப்பு இயந்திரத்தை அளவுக்கு மீறி முடுக்கிவிட்டால், தண்ணீர் விரைந்து வருவதோடு வாய்க்காலின் வரம்பையும் அரித்துக்கொண்டு போகுமல்லவா? அதுபோன்றதே இதுவும். அரிக்கப்பட்ட இடத்தில் கம்பி அறுகிறது; மண் சேர்ந்த இடத்தில் அயற்கம்பியைத் தொடுகிறது. மோட்டரோலா நிறுவனத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் பிளாக் என்பவர் 1960களின் பிற்பகுதியிலே இதற்கொரு சமன்பாடு தந்தார். மின்னோட்டத்தின் அடர்த்தி கூடினால் கம்பியின் ஆயுள் அதனிலும் விரைவாகக் குறையும். வெப்பநிலை கூடினால் இன்னும் வேகமாகக் குறையும் என்பதே அதன் சாரம்.

மயிற்பீலியே ஆயினும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது வள்ளுவர் வாக்கு. அச்சு முறிந்தால் வண்டிக்காரன் உடனே காண்பான். இங்கோ முறிவு உடனே நிகழ்வதில்லை. ஆகையால் ஏற்றியவனுக்குத் தான் மிஞ்சி ஏற்றிவிட்டோம் என்பதே தெரிவதில்லை. 2002ஆம் ஆண்டிலே ‘நோர்த்வுட்’ என்னும் பெயருடைய பென்டியம் நான்கு வந்தபோது உலகம் இதனைக் கண்டது. அதற்கு இயல்பான அளவு 1.5 வோல்ற்று. அதற்கு முந்திய தலைமுறை 1.7 வோல்ற்றுக்கு மேலும் தாங்கியதால், இதுவும் தாங்கும் என்று பலர் 1.7 வோல்ற்றுக்கு மேல் கொடுத்தனர். முதல் நாள் ஓடியது. முதல் வாரம் ஓடியது. சில வாரங்களிலும் சில மாதங்களிலும் ஒன்றன்பின் ஒன்றாக அவை உயிரிழந்தன. அதனை ‘நோர்த்வுட் சடுதி மரணம்’ என்றே அவர்கள் பெயரிட்டு அழைத்தனர். உண்மையில் சடுதியாக வந்தது மரணம் மாத்திரமே. நோய் முதல் நாளே தொடங்கிவிட்டது. ஒரு தலைமுறைக்கு உகந்த அளவை அடுத்த தலைமுறைக்குப் பொருத்திப் பார்க்கலாகாது என்பதும் அதனாற் கிடைத்த பாடம்.

அப்படியானால் தயாரித்தவர் அச்சிட்ட அளவே எல்லை என்று கொள்ளலாமா? அங்கும் நிதானம் வேண்டும். நுண்செயலியின் விபரத்தாளிலே இரண்டு வகை அளவுகள் காணப்படும். ஒன்று, இந்த வரம்புக்குள் இயங்கும் என்பது. மற்றையது, இதனைத் தாண்டினால் அழிவு நேரலாம் என்பது. இரண்டாவது அளவைப் பார்த்துவிட்டு, “அதுவரை போகலாம்” என்று மகிழ்வோர் உளர். பாலத்திலே எழுதியுள்ள நிறை எல்லையை, நாள்தோறும் ஏற்ற வேண்டிய நிறை என்று கொள்வது போன்றது அது.

வேறொரு மயக்கமும் உண்டு. இக்காலத்து நுண்செயலி ஓய்வாக இருக்கும்போது தானாகவே 1.4 வோல்ற்றுக்கு மேலும் சிறிது நேரம் எடுத்துக்கொள்வதைத் திரையில் காணலாம். “அதுவே எடுக்கிறது, நான் கொடுத்தால் என்ன?” என்று கேட்பார்கள். அது எடுப்பது ஓரிரு கருக்கள் மாத்திரம் விழித்து, சிறு வேலை செய்யும் கணத்திலே. அப்பொழுது மின்னோட்டம் குறைவு; வெப்பமும் குறைவு. எல்லாக் கருக்களும் சேர்ந்து பாரம் இழுக்கும்போது அது தானே வோல்ற்றளவை இறக்கிக்கொள்கிறது. வெறுங்கையோடு மாடிப்படியில் ஓடி ஏறுகிறவன், தலையில் நெல்மூட்டையை வைத்துக்கொண்டும் அவ்வாறு ஓட வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதில்லை.

திரையில் தெரியும் எண்ணும் முழு உண்மை அன்று. பாரம் திடீரென நீங்கும் கணத்திலே வோல்ற்றளவு ஒரு நொடியின் சிறு பகுதிக்கு மேலெழுந்து குதிக்கும். ஓடுகின்ற குழாயைச் சட்டென்று அடைத்தால் குழாய் அதிர்வதைப் போன்றது இது. தாய்ப்பலகையிலே பாரத்தின்போது வோல்ற்று விழாமல் தாங்கிப் பிடிக்கும் அமைப்பொன்று உண்டு. அதனை உச்சத்தில் வைப்போர் இந்தக் குதிப்பையும் பெரிதாக்கிக் கொள்கின்றனர். ஆகவே 1.4 என்று எழுதியவர் உண்மையில் கொடுப்பது 1.4 மாத்திரம் அன்று.

தயாரித்தவர்களே தடுமாறிய கதைகளையும் அண்மையில் கண்டோம். 2023ஆம் ஆண்டிலே ஏ.எம்.டி. நிறுவனத்தின் 7000 வரிசை நுண்செயலிகள் சில, தாய்ப்பலகையில் இருந்தபடியே கருகின. நினைவகத்தின் வேகத்தைக் கூட்டும்போது சில தாய்ப்பலகைகள் துணைப்பகுதியொன்றின் வோல்ற்றளவை அளவுக்கு மீறி உயர்த்தியிருந்தன. நிறுவனம் அதனை 1.3 வோல்ற்றுக்கு மேற்போகாமல் கட்டிப்போட்டது. 2024ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இன்டெல் நிறுவனமும், தனது 13ஆம் 14ஆம் தலைமுறை மேசைக் கணினி நுண்செயலிகள் சில நிலைகுலைவதற்குக் காரணம் மிகையான வோல்ற்றளவே என்று அறிவித்தது. நுண்செயலியின் உள்ளாணைத் தொகுதியிலிருந்த பிழையினால், அதுவே வேண்டாத அளவு வோல்ற்றைக் கேட்டு வாங்கியிருந்தது. ஆகஸ்ட் மாதம் வெளியிட்ட திருத்தம் 1.55 வோல்ற்றுக்கு மேல் கேட்காதபடி அதனைத் தடுத்தது. உத்தரவாதக் காலமும் இரண்டு ஆண்டுகள் நீட்டப்பட்டது. ஆயினும் ஏற்கெனவே தேய்ந்துபோனவற்றை அத்திருத்தம் குணப்படுத்தவில்லை. வேகத்தைக் கூட்டாமல், வாங்கியபடியே வைத்திருந்தவர்களுக்கும் இது நேர்ந்தது என்பதை நினைக்க வேண்டும்.

இவ்வளவும் கேட்டபின் எமது மருமகன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்னர், தன் நண்பனொருவனின் கணினியைப் பற்றிச் சொன்னான். 1.42 வோல்ற்றில் எட்டு மாதம் குறையின்றி ஓடியதாம். பின்பு அதே வேகத்துக்கு 1.45 தேவைப்பட்டதாம், அடுத்து அதுவும் போதவில்லையாம். நாம் அதனைக் கொப்பியிலே எழுதி வைக்கச் சொன்னோம். முன்னர் போதுமாயிருந்த வோல்ற்று இன்று போதவில்லை என்பதே தேய்வின் முதல் அறிகுறி. அந்நேரத்தில் வோல்ற்றைக் கூட்டுவது, களைத்த மாட்டை அடித்து ஓட்டுவதாகும். வேகத்தைக் குறைப்பதே செய்யத்தக்கது.

இறுதியாக ஒரு கணக்குப் பார்த்தோம். கலியாணப் படமொன்றைத் தொகுத்து முடித்தபின் அதனை உருவாக்கிக் கொடுக்கக் கணினிக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும் என்று கொள்வோம். 4.8 கிகாஹேட்ஸில் ஓடினால் அது ஐம்பத்திரண்டரை நிமிடமாகும். 4.5 கிகாஹேட்ஸில் ஓடினால் ஐம்பத்தாறு நிமிடம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மூன்றரை நிமிடம். 4.5 கிகாஹேட்ஸுக்கு 1.26 வோல்ற்றே போதுமாயிருந்தது. வலு 18 வீதம் மாத்திரம் கூடியது. அந்த மூன்றரை நிமிடத்துக்காகத் தாயின் சீட்டுக் காசை நெருப்பில் வைப்பதா என்று நாம் கேட்கவில்லை. அவனே கேட்டான். அதற்கும் மேலாக அவனை அச்சுறுத்தியது வேறொன்று. கணினி நின்றுபோனால் மீண்டும் முடுக்கலாம். நிற்காமலே பிழையாக எழுதி, ஒரு வீட்டுக் கலியாணப் படத்தைக் கெடுத்துவிட்டால்? தாலி கட்டிய நேரத்தை மறுபடியும் கொண்டுவந்து படம்பிடிக்க யாரால் இயலும்?

4.5 கிகாஹேட்ஸ் என்று முடிவானது. வோல்ற்றளவைத் தாய்ப்பலகையின் விருப்பத்துக்கு விட்டால் அது வேண்டியதற்கு மேல் கொடுப்பதைக் கண்டதனால், எண்ணை நாமே இட்டோம். ஒவ்வொரு முறையும் ஒன்றை மாத்திரம் மாற்றி, வோல்ற்றின் நூறிலொரு பங்காக ஏறி இறங்கி, ஒவ்வொன்றுக்கும் இரவு முழுவதும் பாரமேற்றிப் பரீட்சித்தோம். தை மாதத்துக் குளிரிலே பெற்ற வெப்பநிலையை நம்பவில்லை. சித்திரை வெயிலில் அறையே எட்டுப் பாகை ஏறிவிடும். நுண்செயலியும் அதனோடு ஏறும். ஆகவே சித்திரையிலே மறுபடியும் பரீட்சித்தோம். செய்துமுடித்த படங்களின் பிரதியை வேறொரு தட்டிலே வைக்கும் வழக்கத்தையும் அவன் கைக்கொண்டான். இப்பொழுதும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொப்பியை விரித்து, அதே 1.26 போதுமா என்று பார்க்கிறான். இதுவரை போதுமாயிருக்கிறது.

“எவ்வளவு வோல்ற்று பாதுகாப்பானது?” என்று அவனிடம் வந்து கேட்கும் இளைஞர்கள் இப்பொழுது பலர். ஒரே எண்ணைச் சொல்லி அனுப்பிவிட எவராலும் முடியாது. பாதுகாப்பு என்பது இந்தப் பக்கம் உயிர், அந்தப் பக்கம் சாவு என்று கட்டிய மதில் அன்று. ஏற ஏற ஆயுளிலிருந்து கழிந்துகொண்டே போகும் ஒரு கணக்கு அது. விளையாட்டுக்காக வாங்கி, ஈராண்டில் மாற்றிவிடும் வசதியுள்ளவனுக்கு ஓர் அளவு பொருந்தும். திரவ நைதரசனை ஊற்றி ஒருநாள் போட்டியில் வெல்ல எண்ணுபவனுக்கு வேறோர் அளவு. ஒரே கணினியை நம்பிச் சோறு தின்னும் வீட்டுக்கு அவ்விரண்டும் பொருந்தா.

ஆகவே, வோல்ற்றளவைக் கூட்ட விரும்பும் தம்பிமாரும் தங்கைமாரும் முதலிலே தம்மைத் தாமே மூன்று கேள்வி கேட்டுக்கொள்வார்களாக. இந்தக் கணினி எமக்கு எத்தனை வருடத்துக்கு வேண்டும்? இதிலே யாருடைய வேலையும் யாருடைய காசும் தங்கியிருக்கின்றன? கூடுதலாகக் கிடைக்கும் நிமிடங்களை வைத்து நாம் என்ன செய்யப் போகிறோம்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தபின் கொப்பியை விரித்தால், எந்த எண்ணில் நிற்பது என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.